திருச்சிக்கு ஏன் இத்தனை ஸ்டேஷன்? ஊரைப் புரிஞ்சுக்க எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

கொங்குப் பயணி:

எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்லேருந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டு ஒரு சனி ஞாயிறு திருச்சி வரலாம்னு இருக்கோம், அப்பா ரிட்டயர்டு வாத்தியார், சரித்திரம்னா அவருக்கு உயிரு, கோயிலைப் பாத்தோமா கும்பிட்டோமான்னு வர்ற ஆள் இல்ல, இந்த இடத்துல யாரு இருந்தாங்க எதுக்கு இருந்தாங்கன்னு கேட்டுக்கிட்டே வருவார். டிக்கெட் போடலாம்னு பாத்தா திருச்சி ஜங்ஷன், கோட்டை, பாலக்கரை, டவுன், ஸ்ரீரங்கம், பொன்மலைன்னு ஒரே ஊருக்கு இத்தனை ஸ்டேஷன் வருது, எங்க இறங்குறதுன்னே தெரியல. மேப்ல பாத்தா காவிரி ரெண்டா பிரிஞ்சு கொஞ்ச தூரம் போயி மறுபடி பக்கத்துல வருது, அது ஏன் அப்படின்னும் அப்பா கேக்குறார். சோழர், பல்லவர், நாயக்கர், நவாப், வெள்ளைக்காரன்னு எல்லாரும் இங்க இருந்திருக்காங்களே, இதை வரிசையா பாக்க வழி இருக்கா? பஸ்ல வந்தா எந்த பஸ் ஸ்டாண்டுன்னும் சொல்லுங்க, இப்ப மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

காவிரிக்கரை:

வாங்க வாங்க. ஸ்டேஷன் கதையை ரயில் தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் ஆத்தைப் பத்தி சொல்றேன், ஏன்னா ஆறு புரிஞ்சாத்தான் இந்த ஊர் புரியும்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்புன்னு ஒரு இடம், அங்கதான் காவிரி ரெண்டா பிரியுது, வடக்கால போறது கொள்ளிடம், தெக்கால வர்றது காவிரி. நடுவுல மாட்டிக்கிட்ட நிலம்தான் ஸ்ரீரங்கம், திருவானைக்கா எல்லாம் இருக்கற தீவு. கிழக்கே கல்லணை கிட்ட வந்ததும் ரெண்டும் திரும்ப நெருங்கிடும். இதுல விஷயம் என்னன்னா கொள்ளிடம் அகலம், நேர்வாட்டம், மட்டமும் தாழ்வு, அதனால விட்டா தண்ணி பூரா அந்தப் பக்கமே ஓடிரும், காவிரி மண் மூடி மேடாயிரும், தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஒரு சொட்டு போகாது. அதைத் தடுக்கத்தான் ரெண்டு முனையிலயும் ரெண்டு கட்டு. கிழக்கு முனையில கரிகாலன் பேர் சொல்ற கல்லணை, காவிரித் தண்ணி வழிஞ்சு கொள்ளிடத்துல விழுந்துராம மறிச்சு டெல்டாவுக்குத் திருப்புது. மேற்கு முனையில ஆர்தர் காட்டன் 1836 வாக்குல கட்டின மேலணை, முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்கே. ரெண்டுக்கும் நடுவுல எத்தனையோ நூற்றாண்டு, ஆனா ரெண்டு பேருக்கும் கவலை ஒண்ணுதான்.

2018 ஆகஸ்ட்ல வெள்ளம் வந்தப்ப அந்த மேலணையோட மதகுகள் சிலது உடைஞ்சு போச்சு, அதே வெள்ளத்துல கொள்ளிடத்துல 1928ல கட்டின பழைய இரும்புப் பாலத்தோட தூணும் சரிஞ்சுது. அன்னிக்கு இந்த ஊரே கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப முக்கொம்புல புதுக் கதவணை கட்டியாச்சு.

அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. ஊர் நடுவுல ஒரு வாய்க்கால் ஓடும், உய்யக்கொண்டான், பேட்டவாய்த்தலையில காவிரியிலேருந்து பிரிஞ்சு வர்றது, ராஜராஜன் காலத்துதுன்னு சொல்வாங்க. இப்ப சாக்கடை கலந்து அது படற பாட்டைப் பாத்தா வயிறு எரியுது, ஆனா இன்னிக்கும் பாசன வாய்க்கால்தான் அது, அதை ஒரு தடவை பாலத்து மேல நின்னு பாக்காம போகாதீங்க.

மீட்டர்கேஜ் பிரியன்:

ஸ்டேஷன் கேள்விக்கு வரேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

இந்த ஊருக்கு ரயில் முதல்ல வந்தது சென்னையிலேருந்து இல்லைங்க, நாகப்பட்டினத்துலேருந்து. நாகப்பட்டினம் துறைமுகம், அங்கேருந்து உள்நாட்டுக்கு சரக்கு கொண்டுபோக கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேன்னு ஒரு கம்பெனி லைன் போட்டு தஞ்சாவூர் தாண்டி 1862ல திருச்சியைத் தொட்டுது. அப்புறம் அப்படியே கரூர், ஈரோடு பக்கம் 1860கள்லயே நீட்டிட்டாங்க, அந்த லைன்ல வர்றதுதான் கோட்டையும் பாலக்கரையும். 1870கள் நடுவுல தெக்க மதுரை வழியா தூத்துக்குடிக்கு லைன் போச்சு. 1874ல கம்பெனி ரெண்டு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு, பின்னால அதுக்குத் தலைமையிடமே திருச்சிதான். முதல்ல போட்டது பிராட்கேஜ்ங்கற அகலப் பாதை, அதை 1870கள்ல மீட்டர்கேஜ்ங்கற குறுகல் பாதையா மாத்தினாங்க, தஞ்சாவூர் பக்கம் நூறு வருஷத்துக்கும் மேல மீட்டர்கேஜ்ல ஓடி அப்புறம்தான் திரும்ப பிராட்கேஜ் வந்துச்சு.

அப்ப சென்னைக்கு எப்படி போனாங்க? விழுப்புரம், கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்னு சுத்திக்கிட்டு. அதான் மெயின் லைன். விழுப்புரத்துலேருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியா நேரா குறுக்க வர்ற கார்டு லைன் 1920களோட கடைசியிலதான் வந்துச்சு. அது நேரா வடக்கேருந்து வர்றதால கொள்ளிடம் ஒரு பாலம், காவிரி ஒரு பாலம்னு ரெண்டு ஆத்தையும் தாண்டியாகணும், நடுவுல தீவுல ஒரு ஸ்டேஷன் ஸ்ரீரங்கம், தாண்டினதும் டவுன், அப்புறம் பொன்மலை, அப்புறம் ஜங்ஷன். இப்ப தெரியுதா ஏன் இத்தனைன்னு? மேற்கேருந்து வந்த லைன் மலைக்கோட்டைக்கு ஒரு பக்கம் கோட்டை ஸ்டேஷனை வச்சுது, வடக்கேருந்து வந்த லைன் கிழக்குப் பக்கம் டவுன் ஸ்டேஷனை வச்சுது, ரெண்டும் தெக்க ஜங்ஷன்ல வந்து சேருது.

இந்த கார்டு லைன்லதான் 1956 நவம்பர்ல அரியலூர் விபத்து நடந்துச்சு. மழை வெள்ளத்துல மருதையாத்துப் பாலம் போயிடுச்சு, ராத்திரி வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல விழுந்து நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுக்குப் பொறுப்பேத்துதான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டார். அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அந்தத் தலைமுறை ஆளுங்க மறக்க மாட்டாங்க.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான். கோயம்புத்தூர்லேருந்து ஈரோடு, கரூர் வழியா வர்ற ரயில்ல வாங்க, கரூர் தாண்டினதுலேருந்து காவிரியோட தென்கரையிலேயே வரும், பகல்ல வர்ற வண்டியா பாத்து போகிற திசைக்கு இடது பக்கம் ஜன்னல் புடிங்க, குளித்தலை தாண்டி தென்னையும் வாழையுமா வர்றப்ப காவிரிக்கரை சொன்ன பேட்டவாய்த்தலையையும் தாண்டுவீங்க. வண்டி கோட்டை ஸ்டேஷன்ல நிக்குமான்னு மட்டும் பாத்துக்கங்க, எல்லாம் நிக்காது. நின்னா அங்க இறங்கிருங்க, மலைக்கோட்டை பக்கம். இல்லன்னா ஜங்ஷன்.

கோட்டைவாசல்:

ரெண்டு பேரும் நல்லா சொன்னீங்க. ஆனா ஆத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு காவிரிக்கரை சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன், சரித்திரம் பாக்க வர்றவர் முதல்ல மலைமேல ஏறணும், ஏறி உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம் நின்னு நாலு திசையும் பாத்துட்டா அப்புறம் எல்லாம் தானா புரியும். படி 400க்கு மேல, உயரம் சுமார் 83 மீட்டர், சுத்திலும் தட்டையான நிலத்துல இது ஒண்ணு மட்டும் எழுந்து நிக்குது. அம்மாவுக்கு முட்டி வலி இருந்தா காலையிலேயே, வெயில் ஏறறதுக்குள்ள, மெதுவா ஏறுங்க, நடுவுல உக்கார இடம் இருக்கு.

ஏறற வழியில மேல் குகைக்கோயில் வரும், நிறைய பேர் தாண்டி போயிடுவாங்க, நீங்க போகாதீங்க. ஏழாம் நூற்றாண்டுல மகேந்திரவர்மப் பல்லவன் குடைஞ்சது, கங்கையைத் தலையில தாங்குற சிவன் சிற்பம் அவ்வளவு அழகு. அங்க இருக்கற கல்வெட்டுல ஒரு கவிதை இருக்கு, சிவனுக்கு ஆறுன்னா ஆசையாச்சே, இந்தக் காவிரியைப் பாத்தா இவ மேலயும் ஆசைப்பட்டுருவாரோன்னு பயந்து மலைமகள் பிறந்த வீட்டை விட்டுட்டு இங்கேயே வந்து தங்கிட்டா, காவிரி பல்லவனுக்குப் பிரியமானவள்னு சொல்லிக்கிட்டு இருக்காளாம். சோழன் ஆத்தைப் பல்லவன் சொந்தம் கொண்டாடுறான் பாருங்க. அதைப் படிச்சுட்டு அப்படியே மேல ஏறி ஆத்தைப் பாத்தா உடம்பு சிலிர்க்கும்.

மேலேருந்து மேற்கே பாத்தா உறையூர். சங்ககாலச் சோழருக்குத் தலைநகர் அதுதான். அங்க நெய்த மெல்லிய பருத்தித் துணி கடல் தாண்டிப் போனதை அந்தக் காலத்துக் கிரேக்க வணிகக் குறிப்பே சொல்லுது, இன்னிக்கும் அங்க தறி இருக்கு. பின்னால விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் புடிச்சதும் தலைநகர் அங்க போயிடுச்சு, உறையூர் இப்ப திருச்சிக்குள்ள ஒரு ஏரியா.

வடக்கே பாத்தா ஸ்ரீரங்கம் கோபுரங்கள். இங்கதான் அப்பாவை உக்கார வச்சு 1751, 52 கதையைச் சொல்லணும். ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் அடிச்சுக்கிட்டாங்க, முகமது அலிக்கு இங்கிலீஷ்காரன், சந்தா சாகிபுக்கு பிரெஞ்சுக்காரன். முகமது அலி இந்தக் கோட்டைக்குள்ள முற்றுகையில மாட்டிக்கிட்டார், அந்த நெருக்கடியைக் குறைக்கத்தான் இங்கிலீஷ்காரன் பக்கத்துத் தளபதி கிளைவ் போய் ஆற்காட்டைப் புடிச்சது. 1752ல இன்னொரு இங்கிலீஷ் தளபதி லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு உதவிப் படையோட வந்ததும் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா பயந்துக்கிட்டு தென்கரையை விட்டு ஸ்ரீரங்கம் தீவுக்குள்ள போயிட்டான். சுத்தி தண்ணி இருக்கு, கோயில் மதில் இருக்கு, பத்திரம்னு நினைச்சான். கிளைவ் என்ன பண்ணினான், கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே சமயபுரத்துல போய் உக்காந்துட்டான், பாண்டிச்சேரியிலேருந்து வர வேண்டிய சோறும் ஆளும் அதோட நின்னுபோச்சு. எது அரணோ அதுவே பொறி ஆயிடுச்சு. ஜூன்ல லா சரணடைஞ்சான், சந்தா சாகிபு தஞ்சாவூர்ப் படைகிட்ட அடைக்கலம்னு போய் தலையை இழந்தார். ரெண்டு ஆத்துக்கு நடுவுல தீர்ந்த அந்தக் கணக்குதான் தென்னிந்தியாவுல பிரெஞ்சுக்காரன் கை இறங்கி இங்கிலீஷ்காரன் கை ஏறின இடம்னு நான் நினைக்கிறேன். எதிரும் புதிருமா நின்ன சந்தா சாகிபு, முகமது அலி ரெண்டு பேர் கல்லறையும் இப்ப நத்தர்வலி தர்காவுலதான் இருக்கு, அங்கேயும் போயிட்டு வாங்க.

கீழ இறங்கினதும் ராணி மங்கம்மாள் மகால், இப்ப அரசு மியூசியம். நாயக்கர்ங்க தலைநகரை மதுரைக்கும் திருச்சிக்கும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டாங்க, கடைசி ராணி மீனாட்சியை ஏமாத்தி இந்த ஊரைக் கைப்பத்தினதும் இதே சந்தா சாகிபுதான். தெப்பக்குளம், கடைவீதி தாண்டி மெயின் கார்டு கேட் வரை நடங்க, கோட்டைச் சுவர்ல மிஞ்சினது அந்த வாசல்தான். மதிலை 19ம் நூற்றாண்டுல இடிச்சு அகழியைத் தூத்துட்டாங்க, மேலப் புலிவார் ரோடு, கீழப் புலிவார் ரோடுன்னு வளைஞ்சு போற ரோட்டுல நடந்தா பழைய கோட்டையைச் சுத்தி நடக்கறதாதான் அர்த்தம். 1801ல மருது சகோதரர்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எல்லாரும் சேரணும்னு எழுதின பிரகடனத்தை ஒட்டினதும் இங்கதான், இந்தக் கோட்டையிலயும் ஸ்ரீரங்கம் கோயில் மதில்லயும்.

கொங்குப் பயணி:

ஐயோ இவ்வளவு எதிர்பாக்கலைங்க, அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், அந்த சந்தா சாகிபு கதையை ரெண்டாவது தடவை படிக்கச் சொல்லிட்டார். அரியலூர் விபத்து நடந்தப்ப அவருக்குச் சின்ன வயசு, பேப்பர்ல போட்டோ பாத்தது ஞாபகம் இருக்குன்னார். மலையிலேருந்து ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம், காவிரிக்கரை அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்துக்கும் கல்லணைக்கும் எப்படிப் போறது, பஸ் ஸ்டாண்டு விஷயமும் யாராவது சொன்னா நல்லாருக்கும்.

பொன்மலை வாசி:

பஸ் ஸ்டாண்டு நான் சொல்றேன். ரொம்ப காலமா ரெண்டு, ஜங்ஷன் பக்கத்துல மத்திய பேருந்து நிலையம், மலைக்கோட்டை பக்கத்துல சத்திரம். 2025ல ஊருக்குத் தெக்க மதுரை ரோட்டுல பஞ்சப்பூர்ல பெரிய முனையம் திறந்தாங்க, வெளியூர் பஸ் பெரும்பாலும் அங்க மாத்தியாச்சு. சென்னை, மதுரை, திண்டுக்கல்லுன்னு போறவங்க அங்கதான் போகணும், உள்ள வர டவுன் பஸ் இருக்கு. ஊருக்குள்ள நெரிசல் குறையணும்னா வேற வழியே இல்ல, ஆனா வயசானவங்களை வச்சுக்கிட்டு அங்க இறங்கி மறுபடி பஸ் புடிக்கறது சிரமம்தான், அதனால உங்களுக்கு ரயில்தான் நல்லது.

சத்திரத்துலேருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் வந்துக்கிட்டே இருக்கும், 1ம் நம்பர் பஸ்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஜங்ஷன் பக்கத்துலேருந்து கிளம்பி சத்திரம், காவிரிப் பாலம், திருவானைக்கா வழியா ஸ்ரீரங்கம் போகும். போற வழியிலேயே திருவானைக்காவுல இறங்கி ஜம்புகேஸ்வரரைப் பாத்துருங்க, கருவறையில தண்ணி ஊறிக்கிட்டே இருக்கற அப்பு லிங்கம், ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கற ஊர்ல வேற எப்படி இருக்கும் சாமி.

எங்க ஊரைப் பத்தி யாரும் சொல்லல, அதனால நானே சொல்றேன். நாகப்பட்டினத்துல இருந்த ரயில்வே பட்டறையை 1920கள்ல பொன்மலைக்குக் கொண்டாந்தாங்க, அதோட குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு ஒரு ஊரே எழும்புச்சு. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினை இந்தக் காலத்துலயும் புதுசா செஞ்சு கொடுத்தது எங்க பட்டறைதான். 1946 செப்டம்பர் 5ம் தேதி சங்கத் திடல்ல தொழிலாளிங்க மேல துப்பாக்கிச் சூடு நடத்தி 5 பேரைக் கொன்னாங்க, ஒவ்வொரு வருஷமும் அந்த நாள்ல இங்க அஞ்சலி நடக்கும். திருச்சி சரித்திரம்னா எல்லாரும் ராஜா கதையோட நிறுத்திக்கறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. ராஜாஜி 1930ல வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து கிளம்பினதும் திருச்சியிலேருந்துதானே. திருவெறும்பூர் பக்கம் 1960கள்ல பெல் (BHEL) தொழிற்சாலை வந்து எத்தனை ஜில்லா பசங்களுக்குச் சோறு போட்டுச்சு. இதையெல்லாம் அப்பாகிட்ட சொல்லுங்க, வாத்தியாருக்குப் புரியும்.

ஞாயித்துக்கிழமை இருந்தீங்கன்னா பொன்மலைச் சந்தைக்கு வாங்க. ஜங்ஷன் பக்கத்துல ரயில்வே மியூசியம் இருக்கு, அதையும் பாருங்க.

காவிரிக்கரை:

கோவம் எல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, மலைமேல ஏறினாலும் பாக்கப் போறது எங்க ஆத்தைத்தானே.

கல்லணைக்கு சத்திரத்துலேருந்தே பஸ் இருக்கு, திருவானைக்கா தாண்டி காவிரியோட வடகரையில ஆத்தை ஒட்டியே போற ரோடு, அந்த ரோட்டுக்காகவே போகலாம். ஆடிப்பெருக்கு சமயத்துல வந்தீங்கன்னா தண்ணி இருக்கும், பொதுவா மேட்டூர் ஜூன் 12ல திறந்தா சில நாள்ல இங்க வந்துரும், பங்குனி சித்திரையில வெறும் மணல்தான். கல்லணையில நின்னு பாத்தா தண்ணி காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம்னு பிரியறது தெரியும். புது ஆறு 1934ல மேட்டூர் அணையோட சேத்து வெட்டின கால்வாய், பட்டுக்கோட்டை பக்கம் வரைக்கும் தண்ணி கொண்டுபோகுது.

ஸ்ரீரங்கத்துல ஏழு பிரகாரம், வெளிப் பிரகாரங்கள்ல வீடு, கடை, மனுஷங்கன்னு ஒரு ஊரே இருக்கும். ராஜகோபுரம் பல நூறு வருஷம் அடித்தளத்தோட நின்னுபோய் 1987லதான் முடிஞ்சுது, 236 அடி. அப்பாகிட்ட 1323ல டெல்லி சுல்தான் படையெடுப்புல ரங்கநாதர் உற்சவரைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சாங்களே, 1371லதான் திரும்ப கொண்டாந்தாங்க, அதைக் கண்டிப்பா சொல்லுங்க.

மீட்டர்கேஜ் பிரியன்:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்ரீரங்கத்துலேருந்து திரும்பி ஜங்ஷன் வர்றப்ப பஸ் வேண்டாம், ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்ல பாசஞ்சர் எதாவது இருந்தா ஏறிருங்க. காவிரிப் பாலத்து மேல போறப்ப வலது பக்கம் ஜன்னல்ல மலைக்கோட்டை முழுசா தெரியும், அப்பாவை அந்தப் பக்கம் உக்கார வைங்க. டைம் டேபிளை முன்னாடியே பாத்துக்கங்க, அந்த லைன்ல பாசஞ்சர் கம்மி.